ஒலிப்பதிவில் இரைச்சல்: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அம்மாபேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது. இணைய வானொலிக்காக வீட்டிலேயே பேசிப் பதிவு செய்கிறேன். சுவர் முழுவதும் முட்டை அட்டை ஒட்டியும் தறிச் சத்தம் குறையவில்லையே?

பதில்: குறையாது. அட்டையும் திரையும் அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிது உறிஞ்சுமே தவிர, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பதற்குச் சுவரின் கனமும், கதவு சன்னல்களில் இடுக்கு இல்லாமையும்தான் உதவும். ஆகவே முதலில் கதவின் அடிப்பகுதியையும் சன்னல் விளிம்புகளையும் ரப்பர் பட்டை கொண்டு அடையுங்கள். அதைவிடப் பெரிய பலன் மைக்கின் தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். தறியின் சத்தமோ அப்படியே இருக்கும். எனவே ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு நெருங்கி, கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கார்டியாய்டு வகை மைக்கின் பின்பக்கம் மிகக் குறைவாகவே ஒலி வாங்கும் என்பதால், அந்தப் பக்கம் தறிச் சுவரை நோக்கியிருக்கட்டும். நெருங்கிப் பேசும்போது குரலின் அடித்தொனி தடிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் லோ கட் பொத்தானை அழுத்தினால், அந்தத் தடிப்பு சற்றுக் குறைவதுடன், தரை வழியாக ஏறும் தறி அதிர்வும் அடங்கும். தறி நிற்கும் நேரத்தில் பதிவு செய்ய முடிந்தால், மேற்சொன்னவற்றில் பாதி தேவைப்படாது.

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினால் மட்டும் பதிவில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். சார்ஜரின் எர்த் முனையை நீக்கிவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள், எர்த் உயிரைக் காப்பதற்காக இருப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50, 100 ஹெர்ட்ஸில் இந்த ஹம் கேட்கும். லேப்டாப் ஒரு சாக்கெட்டிலும், அதனுடன் இணைத்த மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வேறொரு சாக்கெட்டிலும் இருக்கும்போது, இரண்டு எர்த்துகளுக்கும் ஆடியோ கேபிளுக்கும் இடையே ஒரு வளையம் உருவாகி, அதில் சிறு மின்னோட்டம் பாய்வது இதற்கு வழக்கமான காரணம். எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே, ஒலியைக் கடத்தி நேரடி மின் இணைப்பைத் துண்டிக்கும் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம். அவசரத்துக்குப் பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்வதே எளிது.

கேள்வி: ஏற்காட்டில் பகோடா பாயின்ட் அருகே பேட்டி எடுத்தேன். காற்றுச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

பதில்: நீங்கள் கேட்டது பெரும்பாலும் காற்றின் ஓசையன்று, மைக்கின் மெல்லிய தகட்டில் காற்று நேரடியாக மோதும் அதிர்ச்சி. பஞ்சு உறை உள்ளறைக்குப் போதும். மலை முகட்டுக்கு நீண்ட ரோமம் போர்த்திய உறைதான் தேவை. பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் செய்வதும், முகட்டை விட்டு மரங்களின் மறைவுக்கு நகர்வதும் செலவில்லாத வழிகள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் சூழும்போது கண்டென்சர் மைக்கில் ஈரம் படிந்து படபடவென்று சத்தம் வரக்கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் மூடி வையுங்கள், அல்லது ஈரத்தை அதிகம் தாங்கும் டைனமிக் வகை மைக்கைக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எல்இடி விளக்கைப் போட்டதும் மீடியம் வேவ் வானொலி கரகரக்கிறது, எஃப்எம் நன்றாக இருக்கிறதே?

பதில்: மீடியம் வேவில் ஒலியானது வானொலி அலையின் வீச்சில் (அலையின் உயரத்தில்) ஏற்றப்படுகிறது; விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற மின்சுற்று உமிழும் மின் இரைச்சலும் வீச்சாகவே சேர்ந்துவிடுகிறது. எஃப்எம் ரிசீவரோ வீச்சு மாற்றங்களை வெட்டிவிடும். உங்கள் செட்டுக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு ஆன்டெனா திசை அறியும் என்பதால், செட்டை மெதுவாகத் திருப்பி, கரகரப்பு மிகக் குறையும் நிலையில் நிறுத்துங்கள். மலிவான விளக்கானால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவும் எதற்கு? மென்பொருளில் இரைச்சலை நீக்கிவிடலாமே?

பதில்: மின்விசிறிபோல் மாறாத ஓசைக்கு ஓரளவு சரி. தறியின் அடியும் காற்றின் மோதலும் குரலோடு பின்னிக் கிடப்பவை. அவற்றை முழுதாகப் பிரிக்க முயன்றால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பதிவின் தொடக்கத்தில் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பிடித்து, அதை மாதிரியாகக் கொடுத்து, 6 முதல் 10 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள்.