டெஸ்டிங் பிரிவில் இருந்தால் மதிப்புக் கிடைக்காதா?

கேள்வி: கணினி அறிவியலில் பட்டம் பெற்று, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்து 10 மாதங்கள் ஆகின்றன. நிரல் எழுதுவோருக்கு இருக்கும் மரியாதை எங்களுக்கு இல்லை. 3 சான்றிதழ் படிப்புகளை முடித்தும் யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. துறையில் இருப்பவர்கள் என்னை மதிக்க நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர் ஒருவர், தாம்பரம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால், நான்காவது சான்றிதழுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். சான்றிதழ் நேர்காணல் வரைக்கும் துணைக்கு வரும். வேலையில் சேர்ந்த பிறகு, நீங்கள் சொல்வதை நம்பித் தங்கள் வேலையைத் தொடரலாமா என்பதைத்தான் உடன் பணிபுரிவோர் பார்ப்பார்கள். அந்த நம்பிக்கையை இப்போது இருக்கும் இடத்திலிருந்தே நீங்கள் பெற முடியும்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னலில் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி), ஒரு திருத்தம் ஏற்கப்படும்போது, பிழையைத் தெரிவித்தவரை ‘ரிப்போர்ட்டட்-பை’ என்றும், சோதித்துப் பார்த்தவரை ‘டெஸ்டட்-பை’ என்றும் பெயரோடு குறிக்கும் வழக்கம் உண்டு. எழுதியவரின் பெயர் இருக்கும் அதே பதிவில் சோதித்தவரின் பெயரும் நிலைத்துவிடுகிறது. அந்தக் கர்னலின் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து பேணுவதற்காக டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கிய கிட் மென்பொருளை, தொடக்க வாரங்களிலிருந்தே திருத்தங்கள் அனுப்பிவந்த ஜூனியோ ஹமானோவிடம் அவ்வாண்டு ஜூலையிலேயே ஒப்படைத்தார். சில மாதப் பழக்கத்தில் இவ்வளவு பெரிய பொறுப்பைத் தர முடிந்ததற்குக் காரணம், ஹமானோவின் வேலை எல்லோரும் படித்துப் பார்க்கும்படி கண்முன்னே இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் வேலையும் அப்படிக் கண்ணில் பட வேண்டும். ‘லாகின் பக்கம் வேலை செய்யவில்லை’ என்று எழுதி அனுப்பினால், அது நிரலாளருக்கு இன்னொரு சுமை. எந்தப் பதிப்பில், எந்தப் படிகளைச் செய்தால் ஒவ்வொரு முறையும் பிழை தோன்றுகிறது, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். கிட்டில் ‘பைசெக்ட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. பிழை இல்லாத பழைய பதிப்பையும் பிழை உள்ள புதிய பதிப்பையும் காட்டினால், அது இடைப்பட்ட மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள பதிப்பை உங்களைச் சோதிக்கச் சொல்லும். 1,000 மாற்றங்கள் இருந்தாலும், ஏறத்தாழ 10 சோதனைகளில் பிழையைக் கொண்டுவந்த மாற்றம் எதுவென்று தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்துச் சொல்பவரின் அறிக்கையை எந்த நிரலாளரும் முதலில் எடுத்துப் படிப்பார். மாற்றத்தைச் செய்தவரைக் குறை கூறும் தொனி மட்டும் அதில் வரவே கூடாது. அந்த ஒரு வரி உங்கள் உழைப்பு முழுவதையும் வீணாக்கிவிடும்.

உங்கள் நிறுவனமும் கிட் பயன்படுத்துகிறது என்றால், நிரலைப் படிக்கும் அனுமதியைக் குழுத் தலைவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும், நிரலை யாரும் படிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றில், தீர்க்கப்படாமல் கிடக்கும் ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில் பைசெக்ட் செய்து பாருங்கள்.