ஷெவி (ஷெவர்லே) வி8 எஞ்சினுக்கு கேம், ஸ்பிரிங், ராக்கர்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, எல்எஸ்1 எஞ்சினுக்குப் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு) வாங்கிவிட்டேன். வால்வை மூடும் பழைய ஸ்பிரிங்கையே போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது கம்பெனி போட்ட சின்ன கேமுக்கான ஸ்பிரிங். 7,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 58 தடவை திறந்து மூடுகிறது, அந்த வேகத்தில் ஸ்பிரிங்குக்குப் பலம் போதாவிட்டால் வால்வு கேமோடு ஒட்டி வராமல் மிதக்க ஆரம்பிக்கும், பவர் சட்டென்று விழும், நேரம் சரியில்லை என்றால் பிஸ்டனே வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம், வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போதும் ஸ்பிரிங்கின் சுற்றுகள் முட்டிக்கொள்ளக் கூடாது, மொத்தமாக 1.5 மி.மீ. அளவாவது மிச்சம் வேண்டும். கேமோடு வரும் அட்டையில் எந்த ஸ்பிரிங் என்று போட்டிருப்பார்கள், அதையே வாங்குங்கள். அதைவிடக் கடினமானது போட்டால் கேமும் லிஃப்டரும் (கேமின் மேட்டோடு ஏறி இறங்கும் பாகம்) வீணாகத் தேயும்.

கேள்வி: பழைய ஸ்மால் பிளாக் 350. 1.5 ராக்கருக்குப் பதில் 1.6 போட்டால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ராக்கர் என்பது வால்வை அழுத்தும் நெம்புகோல், 1.5, 1.6 என்பது கேம் மேட்டின் உயரத்தை அது எத்தனை மடங்காக்கும் என்ற கணக்கு. கேமின் மேடு 7.62 மி.மீ. என்றால், 1.5-ல் வால்வு 11.43 மி.மீ. திறக்கும், 1.6-ல் 12.19. கேமைத் தொடாமலே கிடைக்கிற லாபம், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆனால் புஷ்ராட் (லிஃப்டரிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) சிலிண்டர் ஹெட்டில் உரசுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, அந்தக் களிமண்ணை வெட்டி அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி தெரியும்: இன்டேக் (உள்ளிழுக்கும்) வால்வில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வில் 2.5 மி.மீ. குறைந்தபட்சம். ஹைட்ராலிக் லிஃப்டர் (உள்ளே எண்ணெய் நிற்கும் வகை) அமுங்கி அளவைக் கெடுக்கும் என்பதால், அளக்கும்போது மட்டும் மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைட்டானியம் வால்வு?

பதில்: 2006 கார்வெட் இசட்06-ன் எல்எஸ்7-ல் இன்டேக்குக்கு அதுதான். ரோட்டில் 6,500 ஆர்பிஎம் தாண்டாத எஞ்சினுக்குத் தேவையே இல்லை, அந்தப் பணத்தை நல்ல புஷ்ராடில் போடுங்கள்.

கேள்வி: ஃபிளாட் டாப்பெட் கேம் (அடி தட்டையான லிஃப்டரோடு ஓடும் வகை) மாற்றி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டேன். ஒரு மேடு தேய்ந்துவிட்டது சார்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. ஐடிலில் கேமுக்கு எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது. அடுத்த முறை ஸ்டார்ட் ஆனதுமே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிடம் விடுங்கள், துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் ஊற்றுங்கள், புது கேமுக்குப் புது லிஃப்டர்தான். அதற்கு முன்னால் ஆயில் பேனைக் கழற்றுங்கள், தேய்ந்த இரும்புத்தூள் பேரிங் வரை போயிருக்கும்.