ஜப்பானின் குமானோ கோடோ மலைப் பாதையில் நடந்து போனால் இரவு எங்கே தங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முதலில் படுக்கையைப் பிடியுங்கள், அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள். நான் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டேன்.

பெரும்பாலானவர்கள் நடப்பது நாகாஹேச்சி என்ற தடம். கீ-தனாபே ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் தகிஜிரி போய் இறங்கினால், ஹொங்கு கோயில் வரை கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர். எடுத்த எடுப்பிலேயே மூச்சு வாங்கும் ஏற்றம். வழியில் தகஹாரா, சிகாட்சுயு எல்லாம் சின்னஞ்சிறு ஊர்கள். 'மின்ஷுகு' என்று வீட்டிலேயே நாலைந்து அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். நான் போனது நவம்பர். சிகாட்சுயுவில் ஒரு அறைகூடக் காலி இல்லை. பஸ் பிடித்துத் தனாபேவுக்கே திரும்பிப் படுத்து, மறுநாள் காலை விட்ட இடத்துக்கு மறுபடி பஸ்ஸில் வந்தேன்.

மின்ஷுகுவில் சாப்பாடு ஆறு மணி என்றால் ஆறு மணிதான். அதற்குள் போய்ச் சேர்ந்து குளித்திருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் குளிப்பது தொட்டிக்கு வெளியே. தொட்டியில் ஊற மட்டும்தான். அந்த வெந்நீர் எல்லாருக்கும் பொது.

சைவம்தான் சிக்கல். "மீன் வேண்டாம்" என்றால் தட்டிலிருந்து மீன் போய்விடும், சூப்பில் இருக்கும். 'தஷி' என்ற அடிப்படைச் சாறே பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் போடுவது. ஒரு வீட்டில் அந்தப் பாக்கெட்டையே கொண்டுவந்து காட்டி, "இதுவுமா?" என்பதுபோல் அந்த அம்மா கையை ஆட்டிக் கேட்டார். நான் தலையாட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அறை பதிவு செய்யும்போதே தஷியும் ஆகாது என்று எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம் என்றால், இந்தத் தடத்தை விட்டுத் தள்ளி, மலைமேல் இருக்கும் புத்தக் கோயில் ஊரான கோயாசானில் ஒரு இரவு தங்குங்கள். அங்கே ஐம்பது கோயில்கள்போலத் தங்க இடம் தருகின்றன. துறவிகளின் 'ஷோஜின்' சமையலில் மீனும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய 'எள் தோஃபு' களிபோல வழுக்கிக்கொண்டு இறங்கும். வாடகை அதிகம்தான், ஆனால் விடியற்காலைப் பூஜையிலும் உட்காரலாம்.

ஹொங்கு பக்கம் தங்க யுனோமினேதான் என் தேர்வு. ஊர் நடுவில் கொதிக்கும் ஊற்றில் வலைப்பையில் முட்டையைக் கட்டித் தொங்கவிட்டு வேகவைக்கிறார்கள். நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டேன். பசியில் அவசரப்பட்டு எடுத்ததில் நடுவில் வேகவே இல்லை.