தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை காவிரிக் கரையோரமாகவே பயணம் போய் வரலாறும் பண்பாடும் பார்க்க ஆசை. எந்த ஊர்களை விடக் கூடாது, எப்போது கிளம்பலாம்?

கேள்வியோடு நீங்களே ஒரு உத்தேசத் திட்டமும் போட்டிருக்கிறீர்கள். தலைக்காவிரி, ஸ்ரீரங்கப்பட்டணம், ஒகேனக்கல், அதற்கு அடுத்து நேராக ஸ்ரீரங்கம், கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம், பூம்புகார். ஒகேனக்கல்லுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் ஆறு என்ன குழாயிலா போகிறது? மேட்டூர் அணையிலிருந்து முக்கொம்பு வரை மட்டுமே 177 கிலோமீட்டர். மொத்த ஆறே 800 கிலோமீட்டர்தான். நான் குமாரபாளையத்துக்காரன், பவானிக்கு எதிர்க்கரை, அதனால் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. உங்களை மட்டும் சொல்லவில்லை, காவிரி என்றாலே டெல்டா என்று எழுதுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தஞ்சாவூர்க்காரர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கோயில்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இங்கே யாருமில்லை, அவ்வளவுதான்.

கர்நாடகப் பக்கம் நீங்கள் போட்டிருப்பதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்காவிரியில் இருப்பது சின்னக் குண்டமும் குளமும்தான், ஓடுகிற ஆற்றைக் கண்ணால் பார்க்க பாகமண்டலத்துக்கு இறங்க வேண்டும், கன்னிகே ஆறு வந்து சேருகிற இடம் அது. இன்னொன்று சிவனசமுத்திரம். அருவிக்காகப் போகிறார்கள், சரி, ஆனால் 1902இலேயே அங்கே நீர்மின்சாரம் எடுத்து, சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இனி எங்கள் பக்கம். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் தர்மபுரிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் பென்னாகரம் வந்து, ஏரியூர் வழியாக நாகமரை போங்கள். தண்ணீர் இருக்கிற காலத்தில் அங்கிருந்து எதிர்க்கரை பண்ணவாடிக்குப் படகு உண்டு. அந்தப் படகு போவது மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புக்கு மேலே, அதாவது மூழ்கிப்போன ஊர்களுக்கு மேலே. 1934இல் அணை கட்டி முடித்தபோது உள்ளே போன கிராமங்கள் நிறைய. 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி (நூறு கோடி கனஅடி ஒரு டிஎம்சி) என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அந்தக் கணக்குக்கு அடியில் கோயில், சர்ச், கிணறு, களத்துமேடு எல்லாம் கிடக்கின்றன. நீர்மட்டம் எழுபது அடிக்குக் கீழே இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும், அதற்கு முன்னாலேயே கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் தலைகாட்டிவிடும்.

என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், பிறந்த வீட்டுக் காடு (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்) இப்படி உள்ளே போனதுதான். அப்போது அவர் சிறுமி. அணை வறண்ட ஒரு கோடையில் அவரைக் கூட்டிக்கொண்டு பண்ணவாடி போனோம். நந்தியின் நெற்றியில் யாரோ பட்டையாகத் திருநீறு பூசி மாலை போட்டிருந்தார்கள், கால்மாட்டில் கற்பூரம் எரிந்த கருப்பு. சுற்றிலும் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரை, கொஞ்சம் தள்ளி ஈரம் இருக்கிற பக்கமெல்லாம் நிலக்கடலை போட்டிருந்தார்கள். அம்மாயி நந்தியைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கடலைக்காட்டுக்குள் இறங்கி, ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, பச்சைக்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். அங்கே நின்றவர், "ஏனுங்காத்தா, யாரு காட்டுல வந்து யாரு கடலை புடுங்கறது?" என்றார். "இது எங்கப்பன் காடு, நீ யாரு?" அந்த ஆள் சிரித்துவிட்டார். "அப்படிப் பாத்தா எங்க தாத்தனுக்கும் இங்கதானுங்க காடு. இன்னும் ரெண்டு செடி புடுங்கிக்குங்க." திரும்பி வரும்வரை இரண்டு பேரும் எந்தக் கிணறு எங்கே இருந்தது, எந்தப் பங்காளி யாரை ஏமாற்றினான் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். இதெல்லாம் வரலாறா என்று யாராவது கேட்பார்கள். கல்வெட்டில் இருந்தால்தான் வரலாறு என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கல்வெட்டும் வருகிறது.

மேட்டூரிலிருந்து பவானிக்கு வரும்போது நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குங்கள். அங்கே ஒரு கதவணை, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்த தடுப்பணை, கூடவே 30 மெகாவாட் மின்நிலையம். இப்படி ஏழு கதவணைகள் வரிசையாக இருப்பதால் வெயில் காலத்திலும் இந்தப் பக்கம் ஆறு ததும்பி நிற்கும். படகில் அக்கரை போனால் பூலாம்பட்டி. குட்டிக் கேரளா என்று பேர் வைத்துவிட்டார்கள், ஏன் சேலத்துக்கென்று அழகாக ஓர் ஊர் இருக்கக் கூடாதா தெரியவில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் டிவி கேமரா அத்தனையும் அங்கே நிற்கும். ஆகஸ்ட் 1 அன்று கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் சேலம், நாமக்கல், ஈரோடு என்று எங்கள் மூன்று மாவட்டத்து 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் விட வேண்டும், அதற்கு எத்தனை கேமரா வருகிறது என்று பாருங்கள். உபரி நீர் லட்சம் கனஅடியைத் தாண்டி, குமாரபாளையத்தில் ஆற்றோர வீடுகளைக் காலி பண்ணிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைக்கும்போதுதான் வருவார்கள்.

பவானியில் சங்கமேஸ்வரர் கோயிலும் கூடுதுறையும் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். உள்ளே ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். 1804இல் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்தது. அம்மன் சிறுமியாக வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனதும் அவர் படுத்திருந்த பங்களா இடிந்து விழுந்ததாம். கோயிலுக்குள் போக முடியாத வெள்ளைக்காரர் என்பதால் வெளியிலிருந்து கும்பிட மதிலில் போட்ட மூன்று துளைகளையும் காட்டுவார்கள். அப்புறம் குழித்தறி ஓடுகிற வீடு ஒன்றில் ஜமக்காளம் நெய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், வாங்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாயப்பட்டறைத் தண்ணீரைப் பற்றி வாய் திறக்க மாட்டாயா என்று கேட்பீர்கள். திறக்கிறேன். கலக்கிறது, எங்கள் ஊரும் கலக்கிறது, எதிர்க்கரையும் கலக்கிறது. அதற்காக இந்தப் பக்கமே வராமல் போனால் அது சரியாகிவிடுமா?

கொடுமுடியில் ஆறு கிழக்கே திரும்பும், ஒரு முழுக்குப் போடுங்கள். அங்கிருந்து கரூர் போகிற வழியில் வேலாயுதம்பாளையம், கல்வெட்டு என்றேனே, அது இங்கேதான். புகளூர் ஆறுநாட்டார்மலைப் பாறையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என்று சேரர்களின் மூன்று தலைமுறை. சமண முனிவருக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. மலைமேல் முருகன் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

இதற்குக் கீழே முக்கொம்பு, கல்லணை எல்லாம் உங்கள் பட்டியலிலேயே வந்துவிடும். ஆனால் ஒன்று, தனியாகப் போகிறீர்கள் என்றால் கோயில் ஊர்களில் ரூம் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தனி ஆளுக்கு ரூம் இல்லை என்று ஓர் ஊரில் லாட்ஜ் லாட்ஜாக என்னை விரட்டினார்கள். ஆதார் கார்டு காட்டினேன், வயசைக் காட்டினேன், நெற்றியில் விபூதியைக் கூடக் காட்டினேன். "ஃபேமிலியா வாங்க சார்" என்கிறார். நான்கு பேர் சேர்ந்து வந்து குடித்துக் கூத்தடித்தால் கொடுப்பார்களாம், தனியாக வந்து சாமி கும்பிட்டுத் தூங்குகிறவனுக்கு இல்லையாம். கடைசியில் பஸ் ஸ்டாண்டில்தான் விடிந்தது.

எப்போது என்று கேட்டீர்களே, நந்தியைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ஏப்ரல், மே. இல்லையென்றால் ஐப்பசி. துலா சங்கராந்தி அன்று தலைக்காவிரிக் குண்டத்தில் தீர்த்தம் பொங்குவதைப் பார்க்கக் குடகே திரண்டிருக்கும், அங்கே தொடங்குங்கள். ஐப்பசிக் கடைசி நாள் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு, ஐப்பசிக் காவிரி நீராடலின் நிறைவு. நடுவில் ஒரு மாதம் முழுதாக இருக்கிறது, பஸ்ஸிலும் படகிலுமாகத் தாராளமாக வந்து சேரலாம், கார் தேவையில்லை, வடகிழக்குப் பருவமழைக்குக் குடை தேவை. நான் சொன்ன ஊர்களில் எல்லாம் நின்று ஒரு நாள் பிந்திப்போனாலும் கவலைப்படாதீர்கள், கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு, தாமதமாக வந்தவர்களுக்கென்றே வைத்தது. மறுநாள் பூம்புகார் போகும்போது மேலையூர்க் கதவணையில் இறங்கிப் பாருங்கள், அதுதான் கடைசி.