டிக்கெட் கிழிக்கிறவர் கையிலதான் இருக்கு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் "தியேட்டர்ல மறக்க முடியாத நாள் எது"ன்னு கேட்டிருந்தேன். முதல் நாள் முதல் ஷோ, விசில், பேப்பர் பறக்க விட்டதுன்னு வரும்னு பார்த்தா, வந்த கடிதத்துல பாதிக்கு மேல வாசல்லயே நிறுத்தின கதை. அதனால இந்த தடவை வேற எந்த கேள்வியும் எடுக்கல. சினிமா தியேட்டரும் நாடக மேடையும் மட்டும்தான்.

அக்கா, என் பையனுக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம் இருக்கு. பாட்டுன்னா உயிர். ஆசையா படத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், சண்டை சீன்ல காதைப் பொத்திக்கிட்டு கத்திட்டான், முன்னாடி சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், இன்டர்வெல்ல தியேட்டர் ஆளே வந்து "கூட்டிட்டுப் போயிடுங்கம்மா"ன்னுட்டார். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு தியேட்டரே கிடையாதா?
– ஒரு அம்மா, திருநெல்வேலி

இருக்கு தங்கச்சி, ஆனா நம்ம ஊருக்கு இன்னும் சரியா வந்து சேரல. நியூயார்க்ல நாடக அரங்கமா நிறைஞ்ச பிராட்வேல 2011 அக்டோபர் 2ஆம் தேதி லயன் கிங் நாடகத்தோட ஒரு காட்சி முழுக்க உங்களை மாதிரி குடும்பங்களுக்காகவே நடந்துச்சு. டிடிஎஃப்னு ஒரு அமைப்பு அந்த ஷோ டிக்கெட் மொத்தத்தையும் வாங்கி குறைஞ்ச விலைக்குக் குடுத்தாங்க. அதே நாடகம், அதே நடிகர்கள்தான். திடுக்குன்னு வர்ற சத்தத்தைக் குறைச்சாங்க, கண்ணுல வெட்டி வெட்டி அடிக்கிற லைட்டை எடுத்தாங்க, வெளிய வந்து அமைதியா உட்கார ஒரு இடம், கையில வச்சு அமுக்கிக்கிட்டே இருக்க பொம்மை, அவ்வளவுதான். பிள்ளை எழுந்து நடந்தாலும் கத்தினாலும் யாரும் "உஷ்"னு சொல்ல மாட்டாங்க, ஏன்னா பக்கத்து சீட்டுலயும் அதே மாதிரி ஒரு பிள்ளை. இன்னைக்கு இங்கிலாந்து அமெரிக்கா நாடக அரங்கத்துல ரிலாக்ஸ்டு ஷோன்னு இது சாதாரணமா நடக்குது. யோசிச்சுப் பாருங்க, இதுல எதுக்குக் கோடி ரூபாய் வேணும்? வால்யூம் குமிழைத் திருகணும், லைட்டை முழுசா அணைக்காம விடணும்.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேட்பீங்க. படம் வந்து மூணாவது வாரம், வார நாள், காலைக் காட்சி. கடைசி வரிசை, நடைபாதை ஓரத்து சீட்டு. விளம்பரம்தான் படத்தை விட சத்தம், அதனால பதினஞ்சு நிமிஷம் லேட்டாவே போங்க. காதுக்கு மேல மாட்டுற சத்தம் குறைக்கிற ஹெட்போன் ஒண்ணு வாங்கிக்கோங்க, வீட்டுலயே ரெண்டு நாள் போட்டுப் பழக்குங்க, புதுசா தியேட்டர்ல மாட்டினா பிடுங்கி எறிஞ்சிடுவான். முடிஞ்சா முந்தின நாளே போய் மேனேஜரைப் பார்த்து சொல்லிடுங்க, பையனையும் ஹாலுக்குள்ள ஒரு நடை நடக்க விடச் சொல்லுங்க. தெரபி சென்டர்ல பழகின பத்துப் பதினஞ்சு குடும்பம் சேர்ந்தா சின்ன ஸ்க்ரீன் ஒண்ணை ஒரு காட்சிக்கு மொத்தமா பேசிக்கலாம், வார நாள் காலைல பாதி சீட்டு காலியாத்தானே ஓடுது, ஒத்துக்க வாய்ப்பு இருக்கு. அந்த முன் சீட்டுக்காரரைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல, எழுதினா எடிட்டர் வெட்டிடுவார்.

"தியேட்டர்ல மட்டும்தான்யா ஜாதி கிடையாது"ன்னு எங்க தாத்தா அடிக்கடி சொல்வார். நெஜமாவா?
– கல்லூரி மாணவர், தேனி

பாதி நெஜம் தம்பி. தாத்தா சொன்னதையே யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஆராய்ச்சியா எழுதியிருக்கார். தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்க யார் எங்க உட்காரணும்னு முடிவு பண்ணினது பிறப்பு இல்ல, கையில இருந்த காசுங்கறார். தரை டிக்கெட்டா, பெஞ்சா, சேரா, அதான் கணக்கு.

எங்க ஊர் டூரிங் டாக்கீஸ்ல பொம்பளைங்க பக்கம் தனி, நடுவுல இடுப்பு உயரச் சுவர். அம்மாவும் நானும் தரை டிக்கெட்தான். முன்னாடி உட்கார்ந்திருக்கவங்க தலை மறைக்குதுன்னு மணலைக் குமிச்சு அது மேல உட்காருவோம், எனக்குப் பின்னாடி இருக்கிறவ என் குமியைக் காலால தட்டி விடுவா. அப்படித் தட்டினவ ஒருத்தி கடைசில எனக்குப் பக்கத்துலயே வந்து உட்கார்ந்தா, என் பொட்டலத்து முறுக்கை ரெண்டு பேரும் உடைச்சுத் தின்னோம். மறுநாள் அவ அம்மாகூட வெளுக்கிற துணியை எடுக்க எங்க வீட்டுக்கு வந்தா. தண்ணி கேட்டா. எங்க பாட்டி சொம்பைக் குடுக்கல, உசரத் தூக்கிப் பிடிச்சு கையில ஊத்தினாங்க. அவ குடிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தா, நான் உள்ள போயிட்டேன். தாத்தா சொன்ன சமத்துவம் "வணக்கம்" கார்டு போட்டு லைட்டு எரியற வரைக்கும்தான் இருந்துச்சு.

இப்ப அந்த அளவுக்காவது இருக்கான்னா, 2023 மார்ச்ல சென்னைல ஒரு பெரிய தியேட்டர்ல நரிக்குறவர் குடும்பம் டிக்கெட்டைக் கையில நீட்டியும் உள்ள விடல. பிறகு உள்ள விட்டாங்க, வீடியோ ஊரெல்லாம் சுத்தினதுக்கு அப்புறம் படம் யு/ஏ, குழந்தைங்க இருந்ததால நிறுத்தினோம்னு விளக்கம் சொன்னாங்க. யு/ஏன்னா பெரியவங்க துணையோட பார்க்கலாம்னுதான் அர்த்தம், அந்தக் குழந்தைங்ககூட அவங்க ஆளுங்க நின்னுட்டுத்தான் இருந்தாங்க. சிவத்தம்பி சொன்ன காசுக் கணக்குகூட அன்னைக்கு அந்த வாசல்ல செல்லல பாருங்க.

நாடகக்காரங்க நல்லவங்க, எல்லாரையும் ஏத்துக்குவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கே, பழைய நாடகக் கம்பெனில நெஜமாவே அப்படித்தானா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்

உங்க மாவட்டத்து ஆளையே சொல்றேன் சார். விஸ்வநாததாஸ், 1886ல சிவகாசில பிறந்து திருமங்கலத்துல வாழ்ந்தவர். வள்ளி திருமணத்துல பறவை ஓட்டுற பாட்டுல வெள்ளைக்காரனைக் கொக்குன்னு சொல்லிப் பாடி கூட்டத்தை எழுப்பி விட்டவர், அதுக்காகப் பல தடவை ஜெயிலுக்குப் போனவர். ஆனா அவர் முடி திருத்தற சமூகம்ங்கறதால "அவர்கூட நடிக்க மாட்டோம்"னு ஒதுங்கின நடிகைகள் உண்டு. யோசிச்சுப் பாருங்க, அவர் மேடைல முருகன், கீழ கையெடுத்துக் கும்பிடறாங்க, திரைக்குப் பின்னாடி மட்டும் தீட்டு. 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னைல அதே முருகன் வேஷத்துல, மயில் மேல உட்கார்ந்து பாடிட்டு இருக்கும்போதே உசுரு போச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். அவருக்கும் முந்தி கும்பகோணத்துல பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே வச்சு கம்பெனி நடத்தினாங்க, ராஜா வேஷமும் பொம்பளைதான். போக்கிடம் இல்லாம வந்த பெண்களுக்கு அந்தக் கம்பெனி வீடாவும் இருந்துச்சுன்னு நாடக வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. நாடகம் பார்க்க வர்ற கூட்டத்துக்கு ஸ்பெஷல் ரயிலே விட்டாங்களாம். ஆக நாடகக்காரங்கன்னு மொத்தமா நல்ல பேர் குடுக்க எனக்கு மனசு வரல, யார் கம்பெனி, யார் முதலாளின்னு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்ப நடிகர்கள் நினைச்சா இதையெல்லாம் மாத்தியிருக்க முடியாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

மாத்தின கதை ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல. தலைநகர் வாஷிங்டன்லயே கறுப்பின மக்களை நாடகம் பார்க்க உள்ள விட மாட்டாங்க. 1946ல லிஸ்னர் அரங்கத்துல நடிக்க வந்த ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மன், இது தெரிஞ்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன்னு பத்திரிகைக்காரங்ககிட்டயே சொன்னாங்க. நடிகர் சங்கம் அதோட விடல. பாகுபாடு இருக்கற வரைக்கும் எங்க ஆளு யாரும் அங்க மேடை ஏற மாட்டான்னு முடிவெடுத்தாங்க. அந்த ஊர் நேஷனல் தியேட்டர் முதலாளிகள் என்ன பண்ணினாங்க தெரியுமா, கறுப்பரை உள்ள விடறதுக்கு பதிலா 1948ல நாடகத்தையே நிறுத்திட்டு சினிமாக் கொட்டகை ஆக்கிட்டாங்க! வீம்பு. நாலு வருஷம் கழிச்சு 1952லதான் எல்லாருக்கும் கதவைத் திறந்து திரும்ப நாடகம் போட்டாங்க. நாலு வருஷம் ஒரு பெரிய ஊர்ல வர்ற வேலையை விடறதுன்னா நடிகனுக்கு வயித்துப்பாடு, அதையும் தாங்கி நின்னாங்க. விஸ்வநாததாஸுக்காக நம்ம பக்கம் இப்படி ஒரு கூட்டம் நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு ஆதங்கம் எனக்கு உண்டு.

என் மகளை (திருநங்கை) நான் அஞ்சு வருஷமா பார்க்கல, தப்பு என் மேலதான். இப்ப ஒரு நாடகக் குழுவுல நடிக்கறாளாம், அடுத்த மாசம் எங்க ஊருக்கே நாடகம் போட வர்றாங்க. நான் போனா அவளுக்கு சங்கடமா இருக்குமா?
– ஒரு அப்பா, ஊர் பெயர் வேண்டாம்

ஐயா, "மகள்"னு எழுதியிருக்கீங்க, அதுலயே பாதி தூரம் வந்துட்டீங்க. போங்க, ஆனா திடீர்னு போய் முன் வரிசைல உட்காராதீங்க, மேடைல நிக்கும்போது கண்ணுல பட்டா வசனமே மறந்துடும். குழு ஆளுங்க மூலமா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, "வரலாமா"ன்னு கேளுங்க. வேண்டாம்னா அதையும் தாங்கிக்கணும், அஞ்சு வருஷம் அவ தாங்கினாளே.

அவ தனியா ஒண்ணும் இல்ல. சென்னைல நாடக இயக்குநர் அ. மங்கை திருநங்கைகளோட சேர்ந்து கண்ணாடி கலைக்குழு மூலமா நாடகம் போட்டாங்க, திருநங்கை நடிகை லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் பன்மை தியேட்டர் ஆரம்பிச்சாங்க. தன் கதையைத் தானே மேடைல சொன்னவங்க இவங்க. எனக்கு ஒரே ஒரு குறை, கூப்பிடற மத்த டைரக்டருங்க எல்லாரும் இவங்களுக்கு இவங்க சோகத்தையே திருப்பித் திருப்பி நடிக்கக் குடுக்கறாங்க. ஒரு வக்கீல் வேஷம், ஒரு காமெடி மாமியார் வேஷம் குடுத்தா என்ன குறைஞ்சிடும்? உங்க மக என்ன வேஷம்னு எனக்கு எழுதுங்க.

தியேட்டர்ல தேசிய கீதத்துக்கு எழுந்து நிக்கலன்னு முறைக்கறாங்க. எனக்கு இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல, சீட்டுல உட்கார்ந்தா பார்க்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?
– வாசகர், சேலம்

தெரியாதுதான், தெரியணும்னு அவசியமும் இல்ல. 2016 நவம்பர் 30ல சுப்ரீம் கோர்ட் தியேட்டர்ல கீதம் போடணும், எழுந்து நிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, மாற்றுத்திறனாளிக்கு அடுத்த மாசமே விலக்கு குடுத்துச்சு. 2018 ஜனவரி 9ல தியேட்டர்ல கீதம் போடறதே கட்டாயம் இல்லன்னு மாத்திடுச்சு. போட்டா மரியாதை காட்டணும், உங்களுக்கு விலக்கு இருக்கு. முறைக்கறவங்ககிட்ட விளக்கம் சொல்லிட்டே இருந்தா பாப்கார்ன் ஆறிடும்.

எனக்குப் பார்வை கிடையாது. மனைவி காதுல சொல்லச் சொல்லப் படம் "பார்ப்பேன்". பக்கத்து சீட்டுல திட்டு விழுது. வேற வழி?
– வாசகர், தஞ்சாவூர்

திட்டறவர் மேல எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு, நானும் படத்துல பேச்சு கேட்டா எரிச்சல் படற ஆள்தான். ஆனா வழி வந்துட்டு இருக்கு. 2024 மார்ச்ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதிமுறை போட்டிருக்கு, பார்வை இல்லாதவங்களுக்கு காட்சி விளக்க ஆடியோ, காது கேட்காதவங்களுக்கு கேப்ஷன், படத்தோட சேர்ந்தே வரணும்னு. போன்ல ஆப் போட்டு இயர்போன் மாட்டினா "அவன் கதவைத் திறக்கிறான், கையில கடுதாசி"ன்னு வசனத்துக்கு நடுவுல ஒரு குரல் சொல்லும், பக்கத்து சீட்டுக்குக் கேட்காது. எல்லாப் படத்துக்கும் இருக்குன்னு நம்பிப் போயிடாதீங்க, டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்க. கவுன்டர்ல இருக்கிற பையனுக்குத் தெரியலன்னா மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க, நாலு பேர் கேட்டாத்தான் அஞ்சாவது ஆள் வரும்போது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். மனைவிக்கும் படத்தைப் படமா பார்க்க ஒரு நாள் கிடைக்கும், பாவம்.

கைக்குழந்தையோட படத்துக்குப் போகலாமா அக்கா? அழுதா?
– புது அம்மா, காரைக்கால்

போங்க. சில பழைய தியேட்டர்ல அழற குழந்தைக்குன்னே கண்ணாடி ரூம் இருந்துச்சு, உள்ள உட்கார்ந்தே படம் பார்க்கலாம், ஸ்பீக்கரும் இருக்கும். என் தங்கச்சி மூத்தவனை வச்சுக்கிட்டு அப்படி ஒரு ரூம்ல உட்கார்ந்தப்ப அங்க இன்னும் மூணு அம்மா, மூணு குழந்தை. ஒண்ணு அழ ஆரம்பிச்சா மீதி மூணும் சேர்ந்துக்கும், படம் என்ன கதைன்னு நாலு பேருக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஆனா வெளிய வரும்போது நாலு பேரும் அட்ரஸ் மாத்திக்கிட்டு வந்தாங்க.