சுத்தியல் கட்சி

வணக்கம் ஐயா,

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, 1994-இல் கட்டிய அடுக்ககத்தில் இருக்கிறோம். மேல்மாடி வீட்டில் சீலிங் பெயர்ந்து விழுந்தது. பார்க்க வந்த பொறியாளர் சின்ன சுத்தியலால் எல்லா அறைகளிலும் தட்டி, சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். இதற்கா ஃபீஸ் என்று சங்கத்தில் சண்டை. கருவி வைத்து மொத்தக் கட்டடத்தின் அதிர்வையும் அளப்பதுதான் அறிவியல் என்கிறார் ஒருவர். நீங்கள் கட்டுமானத் துறையில் இருந்தவராயிற்றே, எது சரி?

ர.

அன்புள்ள ர.,

நான் சுத்தியல் கட்சி.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால், துரு அது தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளும். சீலிங்குக்கு இணையாக உள்ளே ஒரு பிளவு ஓடும். வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். அந்த இடத்தில் தட்டினால், பிரிந்த ஏடு மேளத்துத் தோல் மாதிரி அதிர்ந்து ‘தொம்’ என்கிறது. கெட்டியான இடம் ‘ணங்’ என்கிறது. ‘தொம்’ கேட்ட இடங்களுக்குத்தான் அந்த வட்டம். பானையைச் சுண்டிப் பார்க்காமல் வாங்குவோமா?

ஆனால் காது ஏமாறும். எங்கள் வீட்டில் ஒருமுறை ‘தொம்’ கேட்டுப் பதறி உடைத்தேன். பிரிந்திருந்தது வெறும் பூச்சு, கான்கிரீட் கல் மாதிரி இருந்தது. அதனால் ஒரு வட்டத்தையாவது உடைத்துக் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். சுத்தியல் ஆழத்துக்கும் எட்டாது. தூண், பீம்களுக்கு மீயொலிச் சோதனை கேளுங்கள்; காதுக்குக் கேட்காத ஒலியைக் கான்கிரீட்டுக்குள் செலுத்தி, அது போகும் வேகத்தை அளப்பார்கள். 1992-இல் வந்த ஐ.எஸ். 13311 என்ற இந்தியத் தரநிலைப்படி, ஒலி வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைவாகப் போனால் கான்கிரீட் சந்தேகத்துக்குரியதாக இருந்தது; 2018-இல் அதன் இடத்துக்குப் புதிய தரநிலை வந்துவிட்டது.

சரி, அதிர்வு. கட்டடத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் திறன், குறைந்தால் அதிர்வெண், அதாவது வினாடிக்கு அது எத்தனை முறை ஆடுகிறது என்ற எண், குறையும் என்பது உண்மைதான். ஆனால் விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் ஏறக்குறைய 5 சதவீதம்தான் இறங்கும். ஒரு படுக்கையறை சீலிங் பெயர்ந்ததெல்லாம் அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. வானிலை வேறு குழப்பும். சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்ற பாலத்தை இடிப்பதற்கு முன், 1998-இல், வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தி அளந்தார்கள். அதற்கு முன்பு மாதக்கணக்கில் கண்காணித்தபோதே, உறைபனியில் மேலே இருந்த தார் இறுகி, சேதமே இல்லாமல் அதிர்வெண் ஏறியிருந்தது. கருவியைப் பாலத்தில் வருடக்கணக்கில் விட்டுவைத்தால் பலன் உண்டு. உங்கள் கட்டடம் 1994-இல் எப்படி அதிர்ந்தது என்று யார் எழுதிவைத்தார்கள்? இன்று ஓர் எண் கிடைத்தால் எதோடு ஒப்பிடுவது?

அதற்குப் பதிலாக அந்த வட்டங்களை அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். ஏதோ காரணத்தால் பழுதுபார்ப்பது தள்ளிப்போனால், அடுத்த முறை தட்டும்போது வட்டம் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். பெயிண்ட் அடித்து மட்டும் மறைத்துவிடாதீர்கள். அப்புறம், வட்டத்துக்குக் கீழே கட்டில் இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.