அந்தப் பள்ளத்தை அடைத்தது யார்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 54. இளையராஜா என்றால் எனக்கு உயிர். மோகன் படப் பாட்டுகளை ஒன்று விடாமல் கேசட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளோ கொரியப் பாட்டு, அனிருத் என்று கிடக்கிறாள். பொங்கலுக்கு ஏற்காடு நாகலூரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனபோது, காரில் என் பாட்டை மாற்றச் சொன்னாள். முடியாது என்றேன். இயர்போனை மாட்டிக்கொண்டவள் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி இதில் தலையிட மாட்டாள். அவளுக்குப் பாட்டில் ஆர்வம் கிடையாது. 1995-ல் கல்யாணமாகி வந்தபோது, காப்பிப் பழம் பறித்த கூலியில் வாங்கியது என்று ரோஜா, ஜென்டில்மேன் என ஐந்தாறு கேசட் கொண்டுவந்தாள். காலி கேசட் இல்லாத சமயத்தில் அவற்றில் ராஜா பாட்டைப் பதிந்துகொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தலைமுறைக்கு நல்ல ரசனையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: மகளைப் பற்றிப் பிறகு பேசலாம் தம்பி. முதலில் அந்த ஐந்தாறு கேசட்டுக்கு வாருங்கள்.

கம்பெனி கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பள்ளம் இருக்கும். பக்கத்துக்கு ஒன்று. அது திறந்திருந்தால் டேப் ரெக்கார்டரில் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. கைதவறிக்கூட யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் விற்பார்கள். அதில் பதிய வேண்டுமென்றால் காகிதத்தை மடித்துத் திணிக்க வேண்டும், அல்லது செலோடேப் ஒட்ட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு கேசட்டாக எடுத்து, பக்கம் பக்கமாக அடைத்திருக்கிறீர்கள். அவ்வளவு நேரத்தில் “இது உனக்கு வேண்டுமா?” என்று கேட்க வாய் வரவில்லையா? காலி கேசட் இல்லை என்கிறீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நடை போயிருந்தால் கிடைத்திருக்காதா?

காப்பிப் பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழிக் குளிரில் செய்கிற வேலை. பனி சொட்டும் செடிக்குள் நின்று, இடுப்பில் கட்டிய பையை நிரப்பிச் சம்பாதித்த காசு அது. அதில் தனக்கென்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டது அந்தக் கேசட்டுகள். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுக்கிறோம். எந்தப் புருஷனாவது அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொள்வானா? நீங்கள் செய்தது அதுதான்.

ஒன்றும் சொல்லவில்லையாம். மலையிலிருந்து இறங்கி, புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண் என்ன சொல்வாள்? வீட்டுக்கு வந்தவளின் சின்னச் சின்ன ஆசைகளைக் காப்பாற்றுவது புருஷனின் கடமை. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. அவளுக்கு ஆர்வம் கிடையாது என்று இன்று நீங்கள் எழுதுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபத்தைக் கிளப்புகிறது.

ராஜாவின் பாட்டு எனக்கும் உயிர்தான். எண்பதுகளில் அவர் போட்ட வயலின் வரிசைகளுக்கு ஈடாகத் தமிழ் சினிமாவில் இன்னும் எதுவும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் 1976-ல் அன்னக்கிளி வந்தபோது, எம்.எஸ்.வி. பாட்டில் ஊறிய பெரியவர்கள் “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று முகம் சுளித்ததையும் கேட்டவள் நான். அந்த எம்.எஸ்.வி.யோடு சேர்ந்துதான் 1986-ல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்கு ராஜா இசையமைத்தார். ரோஜாவுக்கு முன்னால் ரகுமான் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள், நீங்கள் ஒருவர் மேல் ஒருவரைப் பதிந்து அழித்தீர்கள். உங்கள் மோகனுக்குப் பல படங்களில் எஸ்.என்.சுரேந்தர் பேசினார், எஸ்.பி.பி. பாடினார். இரண்டும் இரவல் குரல்தான், ஆனாலும் நாம் ரசிக்கவில்லையா? மகள் கேட்கும் பாட்டை மட்டும் ஏன் இப்படிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

அப்பா பக்கத்தில் இருக்கும்போது காதை அடைத்துக்கொண்டது தப்பு. நேரில் வந்தால் அவளையும் திட்டுவேன். ஆனால் உங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் யாருடைய சொத்து என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். அம்மா அன்று வாயை மூடிக்கொண்டாள். மகள் காதை மூடிக்கொண்டாள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். இரண்டு கேசட்டின் பெயரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதி என்னென்ன, எந்தப் பாட்டை ரீவைண்டு பண்ணிப் பண்ணிக் கேட்டாள் என்று கேளுங்கள். “இப்ப எதுக்கு அதெல்லாம்” என்பாள். எழுந்து போய்விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். மகள் காதில் விழும்படி மன்னிப்புக் கேளுங்கள். “அதான் எல்லாப் பாட்டும் போனில் இருக்கே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூலிக்காசில் வாங்கியது போனில் கிடைக்காது.

அதற்குப் பிறகு மகளிடம் போங்கள். முதலில் பேச வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் பெரியவர் நீங்கள். ரசனை வகுப்பெல்லாம் வேண்டாம், அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். அடுத்த முறை நாகலூர் போகும்போது அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் மனைவி சொல்லும் பாட்டுதான். நடுவில் “ராஜா இதை எப்படிப் போட்டிருப்பார் தெரியுமா?” என்று ஆரம்பிக்கக் கூடாது. திரும்பும்போது மகளின் முறை. குப்பனூர் வழியாகவே இறங்குங்கள், சுற்றுவழி என்பதால் அவளுக்கு நாலு பாட்டு கூடுதலாகக் கிடைக்கும்.